கொலையாளியைத் தேடும் தொடர்கள் சொல்லும் அரசியல்

டென்மார்க்கின் பொதுத் தொலைக்காட்சியான டிஆர் ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் காட்டிய குற்றத் தொடர்கள் ஹேர்னிங்கில் வாழும் நம்மவர் வீடுகளுக்கும் பழக்கமானவை. கொலையாளி யார் என்பதே பார்ப்பவருக்குக் கேள்வி. எழுதுபவருக்கோ அது பாதிக் கதைதான். டிஆர் தனது நாடகங்களுக்கு வகுத்த விதிகளில் ஒன்று "இரட்டைக் கதை". விறுவிறுப்பான கதைக்கு அடியில் சமூகம் பற்றிய இன்னொரு கதையும் ஓடவேண்டும்.

சிறந்த உதாரணம் 2007 முதல் 2012 வரை 40 பாகங்களாக வந்த "போர்புரூடெல்சன்". முதற் பருவத்தில் ஒரு மாணவி கொல்லப்படுகிறாள். சந்தேகம் அவளுடைய ஆசிரியர் ராமா மீது விழுகிறது. அவர் வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர், நிரபராதி. உண்மை தெரியுமுன்பே மாணவியின் தந்தையிடம் அடி வாங்குகிறார். கோப்பன்கேகன் நகர முதல்வர் தேர்தலில் அவர் பெயர் ஆயுதமாகிறது. கொலையாளியோ அந்தக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய டேனிஷ்காரர்.

இரண்டாம் பருவம் ஆப்கானிஸ்தான் போரைத் தொடுகிறது. உண்மையைத் தேடும் நீதியமைச்சர் தன் சொந்த அரசின் மூடிமறைப்போடு மோதுகிறார்.

நீதியமைச்சும் மூடிமறைப்பும் நமக்குப் புதிய கதை அல்ல. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின் ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். மனைவி பிள்ளைகள் போர் நடக்கும் மண்ணில் காத்திருந்தார்கள். கம்பளத்துக்கு அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பிரதமர் போல் சுலுற்றர் 1989இல் பாராளுமன்றத்தில் சொன்னார். விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் அவரது அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் ரிக்ஸ்ரெற்றன் நீதிமன்றம் நின் ஹான்சனுக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதே நீதிமன்றம் அடுத்ததாகத் தண்டித்த அமைச்சர் இங்கர் ஸ்ரொய்பேர். 2021இல் வந்த அந்தத் தீர்ப்பும், இளம் அகதித் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்துவைத்ததற்காகவே.

இத்தொடர்களுக்கு ஒரு குறையும் உண்டு. வெளிநாட்டவர் பெரும்பாலும் சந்தேக நபராக அல்லது பாதிக்கப்பட்டவராகவே வருகிறார். கதையை நடத்துபவர் டேனிஷ் பொலிஸ். தமிழர் வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் நம் பெற்றோர். காத்திருந்த அந்த ஆண்டுகளை அவர்களே சொல்ல முடியும்.

ஆகவே பிள்ளைகளோடு இத்தொடர்களைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலில் யார் மீது சந்தேகம் விழுகிறது? உண்மையை மறைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பிறகு ஒரு டேனிஷ் அரசு நம்மவர் பொருட்டுப் பதவி விலகிய கதையையும் சொல்லுங்கள்.