தமிழர்களைக் காத்த புழுங்கல் அரிசி

கமுந்திங்கை மக்கள் 'கிளியான் பாரு' என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. அன்றைய மலாயாவின் ஈய லம்பங்களில் உழைத்த சீனர்கள் பலர் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து மாண்டார்கள். நோயின் பெயர் பெரிபெரி. காரணம் கிருமி என்றார்கள் சிலர். மண்ணின் நஞ்சு என்றார்கள் வேறு சிலர். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. ஏன்?

விடை உலையில் இருந்தது. சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய சயாம் பச்சரிசி. நம்மவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர், நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பச்சரிசியும் மீதிப் பேருக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களையே நோய் பிடித்தது. (இன்று இப்படியொரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள்!) ஜெலெபு பகுதியில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் 1907 முதல் பிரேசரும் ஸ்டாண்டனும் அதை உறுதி செய்தனர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின், அதாவது வைட்டமின் பி1, நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். 1926இல் ஜாவாவில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் ஆய்வுக்கூடத்திலேயே அதைத் தயாரித்தார். மாத்திரையும் ஊசியும் வந்தது அதன் பிறகுதான்.

நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. சம்சு, பீர் என்று ஓயாமல் குடிப்பவரின் குடல் தயாமினைச் சரியாக உறிஞ்சாது. கால் எரியும், நடை தள்ளாடும், நினைவு தப்பும். வீட்டாரோ 'போதை' என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். தயாமின் ஊசி தாமதமானால் போன நினைவு திரும்பாமலே போகலாம்.