காரியம் கைகூட – 9: பக்கத்து மேஜை

மதுரைப் பக்கம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கூட்டிட்டுப் போனாங்க, படுக்க வச்சாங்க, முடிஞ்சதுன்னு எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதாம்ப்பா" என்பார்கள். இந்த 'அவ்வளவுதான்' எப்படி வந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரத்தை ஒட்டிய வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். 1944-ல் சென்னை ஸ்டான்லி கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்று ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. ஆனால் முப்பது வயதில் முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணல் விரல்களைப் பழக்கிப் பழக்கிக் கத்தி பிடித்தார். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், 1976-ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். வாழ்நாளில் அவர் கைபட்ட கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கோணிய விரலுக்கு இந்தக் கணக்கு எப்படிச் சாத்தியம்? கை வேகம் என்று சொல்லிவிட முடியாது. கண்ணில் வைக்கும் கத்தியை ஓர் அளவுக்கு மேல் எவராலும் வேகப்படுத்த முடியாது. ரகசியம் அறுவை அறையின் அமைப்பில் இருக்கிறது.

அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி படுத்திருப்பார். மரத்துப்போக ஊசி முன்னதாகவே போட்டாயிற்று. கண்ணைச் சுத்தம் செய்து துணி மூடியாயிற்று. கருவிகள் வரிசையாக எடுத்துவைத்தாயிற்று. இத்தனையும் செய்பவர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டர் முதல் கண்ணை முடித்ததும் மைக்ராஸ்கோப்பைப் பக்கத்து மேஜைக்குத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்கிவிடுவார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய சில நிமிட வேலையை டாக்டர் செய்கிறார். அதற்கு முன்னும் பின்னுமான வேலை எதுவும் அவர் நேரத்தைத் தொடுவதில்லை. அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 அறுவை வரை செய்ய முடிவது இதனால்தான். அறுவையின் வேகம் கூடவில்லை. இரண்டு அறுவைக்கு நடுவிலிருந்த இடைவெளி காணாமல் போனது.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளின் ஒழுங்கைப் பார்த்து வியந்தவர் டாக்டர் வெங்கடசாமி. பர்கரை இப்படித் தரமுடியுமானால் பார்வையை ஏன் தரமுடியாது என்பது அவருக்குத் தோன்றிய கேள்வி. இடைவெளியை ஒழிக்கும் இதே விஷயத்தை ஜப்பானில் ஷிகெயோ ஷிங்கோ என்ற பொறியாளர் இரும்பில் செய்து காட்டினார். டொயோட்டா ஆலையில் 1969-ல் ஒரு பெரிய அழுத்து இயந்திரத்தில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. எந்த வேலைக்கு இயந்திரம் நிற்க வேண்டும், எந்த வேலையை அது ஓடும்போதே முடித்துவைக்கலாம் என்று அவர் இரண்டாகப் பிரித்தார். படிப்படியாக நான்கு மணி நேரம் மூன்று நிமிடமானது.

ஜப்பான் வரை போவானேன்? கைத்தறி ஓடுகிற வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் போதும். தறிக்குழியில் ஒருவர் நெய்துகொண்டிருப்பார். ஓரத்தில் ராட்டையோடு பாட்டியோ மனைவியோ தார் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நாடாவில் நூல் தீரும்போது அடுத்த தார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நெய்பவர் நூலுக்காக எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அந்தக் கணக்கை அவர்களுக்கு எந்த நிபுணரும் வந்து சொல்லித்தரவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். நமக்கு வேலை செய்யத் தெரியாமல் இல்லை. ஒரு வேலை முடிந்து அடுத்ததில் கை வைப்பதற்குள்தான் நாள் கரைகிறது. 'அடுத்து என்ன?' என்று யோசிக்கிறோம். யோசிக்கும்போது கை செல்போனை எடுக்கிறது. தலை நிமிரும்போது அரை மணி போயிருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். அப்பா இறந்தபின் வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். முதல் நாள் ஆதார் நகல் ஒன்று குறைந்தது. இரண்டாம் நாள் போட்டோ இல்லை. மூன்றாம் நாள்தான் மனுவைக் கொடுத்தேன். வீட்டில் மூன்று நாளும் அலுவலகத்தைத் திட்டினேன். தப்பு அங்கே இல்லை. மனு கொடுக்க ஆனது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் மேஜை போட்டு வைக்கவில்லை.

"அந்த டாக்டருக்கு நர்ஸ் இருந்தாங்க சார், எனக்கு யார் இருக்கா?" என்று கேட்பீர்கள். நீங்களே இருக்கிறீர்கள். ராத்திரி நீங்கள்தான் நர்ஸ், காலையில் நீங்கள்தான் டாக்டர். ராத்திரி ஒன்பது மணிக்குக் களைத்த மூளையால் கணக்கு எழுத முடியாது. ஆனால் கணக்கு நோட்டை எடுத்து மேஜைமேல் வைக்க முடியும். காலையில் தெளிந்த மூளைக்கு நோட்டைத் தேடும் வேலையைக் கொடுப்பது, அறுவை செய்ய வேண்டிய டாக்டரைப் பஞ்சு தேடி அலையவிடுவது மாதிரி.

இதற்குக் கருவியென்று எதுவும் விலைக்கு வாங்க வேண்டாம். சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் உங்கள் சுவரில் தொங்குகிறது. ராத்திரி படுக்கப்போகும்போது அன்றைய தாளைக் கிழியுங்கள். பின்பக்கம் வெற்றாக இருந்தால் அதில், இல்லையென்றால் ஓரத்தில், மூன்று வரி எழுதுங்கள். நாளை முதலில் செய்யப்போகும் வேலை எது? அதற்கு என்னென்ன வேண்டும்? உட்கார்ந்ததும் கை முதலில் செய்யப்போவது என்ன? 'வீட்டு வரி கட்டணும்' என்பது முதல் வரி. 'பழைய ரசீது, பணம்' என்பது இரண்டாவது. 'ரசீதில் உள்ள வரி எண்ணைப் பார்க்கணும்' என்பது மூன்றாவது. எழுதி முடித்ததும் அந்த ரசீதை எடுத்து, தாளை அதன்மேல் வைத்துவிட்டுப் படுங்கள். எழுதினால் மட்டும் போதாது, எடுத்தும் வைக்க வேண்டும். அப்போதுதான் அது மேஜை. இல்லையென்றால் வெறும் பட்டியல்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மேஜை என்றால் இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரின் கண் எப்போதும் ஒரே கண்ணில்தான். இரண்டாவது மேஜை தயாராக இருப்பதால்தான் முதல் மேஜையில் மனம் சிதறாமல் நிற்கிறது. அதேபோல மேஜை இரண்டோடு நிற்கட்டும். பத்து வேலைக்கு ஒரே ராத்திரியில் ஆயத்தம் செய்யப் புகுந்தால், ஆயத்தமே ஒரு வேலையாகிவிடும். பேனா வாங்குவதும் டைரிக்கு அட்டை போடுவதுமாக ஜனவரியைக் கழிக்கிறவர்களை நமக்குத் தெரியும்.

டாக்டர் வெங்கடசாமி 2006-ல் மறைந்தார். மிச்சப்படுத்திய அந்த நிமிடங்களை அவர் ஓய்வெடுக்கப் பயன்படுத்தவில்லை. காசு கொடுக்க முடியாதவர்களுக்குக் கொடுத்தார். உங்கள் நிமிடங்களை யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் பாடு. முதலில் மிச்சப்படுத்துங்கள். இன்று ராத்திரி ஒரே ஒரு தாள். நாளைக் காலை எத்தனை மணிக்கு வேலையில் கை வைத்தீர்கள் என்பதை அதே தாளில் குறித்து வையுங்கள். ஏழு தாள் சேரட்டும். அடுத்த வாரம் அவற்றை வைத்துக்கொண்டு பேசுவோம்.