ஜீப் ராங்லரின் முன் டிஃபரென்ஷியல் மேம்பாடு

முன் டிஃபரென்ஷியல் மேம்பாடு என்பது, நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியின் முன் ஆக்சிலில் உள்ள பல்சக்கரத் தொகுதியைப் பாறை, சேறு, மணல் போன்ற பாதைகளுக்கு ஏற்ப மாற்றியமைப்பதாகும். பல் விகிதத்தை மாற்றுவது, லாக்கர் பொருத்துவது, ஆக்சிலையே வலுவானதாக மாற்றுவது என இதில் மூன்று வழிகள் உண்டு. எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். லாக்கரை மட்டும் பொருத்திவிட்டுப் பாறையில் ஏறுபவரின் அச்சுத்தண்டு, உதவிக்கு ஆளில்லாத இடத்தில் முறியக்கூடும். 2007 முதல் 2018 வரை அமெரிக்காவில் தயாரான ஜேகே வரிசை ஜீப் ராங்லரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

டிஃபரென்ஷியலின் வேலை

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடுகின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதே டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஏறக்குறையச் சமமான முறுக்குவிசையைத் தருகிறது. சாலையில் இது நன்மை. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். அதே குறைந்த விசைதான் தரையில் ஊன்றி நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். எனவே தொங்கும் சக்கரம் வீணாகச் சுழல, வண்டி நகராது. லாக்கர் என்பது இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டி இக்குறையைப் போக்கும் கருவி.

முதல் படி: டயரும் பல் விகிதமும்

பினியன் எத்தனை முறை சுற்றினால் கிரவுன் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பதே பல் விகிதம். கிரவுனில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருந்தால் விகிதம் 3.73. பினியனில் 9 பற்கள் இருந்தால் 4.56.

பெரிய டயர் போட்டால் வண்டியின் இழுவை குறையும். அடிப்படை ராங்லரின் டயர் சுமார் 29 அங்குல விட்டம் கொண்டது. அதில் 3.73 விகிதம் இருப்பதாகவும், 35 அங்குல டயருக்கு மாறுவதாகவும் கொள்வோம். பழைய இழுவையைத் திரும்பப் பெற:

3.73 × 35 ÷ 29 = 4.50

கடையில் கிடைக்கும் விகிதங்களில் இதற்கு அருகில் இருப்பது 4.56. முன் ஆக்சிலில் மாற்றும் விகிதத்தையே பின் ஆக்சிலிலும் மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் வேறுபட்டால், நான்கு சக்கர இயக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, டிரான்ஸ்பர் கேஸைப் பழுதாக்கும். ஆகவே செலவைக் கணக்கிடும்போது இரு ஆக்சில்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விகித எண் கூடக்கூடப் பினியன் சிறியதாகி, அதன் பற்களின் வலுவும் குறையும் என்பதையும் நினைவில் கொள்க. தேவைக்கு மேல் உயர்ந்த எண்ணைத் தேர்வது நல்லதல்ல.

இரண்டாம் படி: லாக்கரின் வகை

முன் சக்கரங்கள் வண்டியைத் திருப்பவும் செய்கின்றன. அவை பூட்டப்பட்டால் ஸ்டியரிங் கனமாகும், வண்டி நேராகவே போக முயலும். எனவே பின் ஆக்சிலுக்குப் பொருந்தும் வகை முன் ஆக்சிலுக்கும் பொருந்தும் என்று கொள்ளக்கூடாது.

விரும்பும்போது பூட்டும் லாக்கர்: காற்றழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ இயங்கும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர் முதல் வகைக்கு எடுத்துக்காட்டு. பூட்டாத நேரத்தில் சாதாரண டிஃபரென்ஷியலாகவே இருப்பதால் முன் ஆக்சிலுக்கு மிகவும் ஏற்றது. விலை அதிகம், கம்ப்ரசர், குழாய், ஒயர் ஆகியவையும் தேவை.

தானாகப் பூட்டும் லாக்கர்: விலை குறைவு, அமைப்பு எளிது. ஆனால் நான்கு சக்கர இயக்கத்தில் சறுக்கலான சாலையில் திரும்பும்போது வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்காமல் போகலாம்.

லிமிடெட் ஸ்லிப்: முழுமையாகப் பூட்டாது, சறுக்கலை ஓரளவு கட்டுப்படுத்தும். பனி, மழைச் சாலைகளுக்கு நல்லது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும் பாறைப் பாதைக்குப் போதாது.

ராங்லரின் ரூபிகான் வகையில் இரு ஆக்சில்களிலும் மின் லாக்கர்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. அதன் சுவிட்சில் பின் லாக்கரை மட்டும் பூட்டலாம், அல்லது இரண்டையும் பூட்டலாம். முன் லாக்கரை மட்டும் தனியே பூட்ட இயலாது. ஒரு லாக்கருக்கு மட்டுமே பணம் இருப்பவர் முதலில் பின் ஆக்சிலைக் கவனிப்பது நல்லது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மூன்றாம் படி: ஆக்சிலின் வலு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.7, பல் விகிதம் 4.5 என்று கொண்டால் மொத்தம் 14,580 நியூட்டன் மீட்டர். இதில் பாதி, அதாவது 7,290, முன் ஆக்சிலுக்கு வருகிறது. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒவ்வொரு தண்டுக்கும் 3,645. லாக்கர் பூட்டியிருக்க, ஒரு சக்கரம் மட்டுமே தரையைப் பிடித்தால் 7,290 முழுவதும் ஒரே தண்டின் மீது விழக்கூடும். லாக்கர் தண்டின் சுமையை இரு மடங்காக்கக்கூடியது என்பது இதன் பொருள்.

முன் தண்டில் சக்கரத்துக்கு அருகே யுனிவர்சல் ஜாயின்ட் ஒன்று உண்டு. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியிருக்கும்போது அதன் தாங்கும் திறன் குறைகிறது. பூட்டிய நிலையில், முழுவதும் திருப்பியபடி ஆக்சிலரேட்டரை அழுத்துவதே முறிவுக்கு முதற்காரணம்.

சாதாரண ஜேகே வண்டிகளின் முன் ஆக்சில் டானா 30. ரூபிகானில் டானா 44. டானா 30-இன் கிரவுன் சக்கரம் சுமார் 7.2 அங்குல விட்டமும், டானா 44-இன் கிரவுன் சுமார் 8.5 அங்குல விட்டமும் கொண்டவை. 33 அங்குல டயருடன் நிதானமாக ஓட்டுபவருக்கு டானா 30 போதும். 35 அங்குல டயரும் லாக்கரும் சேரும்போது, உயர்தர எஃகுத் தண்டுகளையும் சேர்க்க வேண்டும், அல்லது டானா 44-க்கு மாற வேண்டும். 37 அங்குலத்துக்கு மேல் போவோர் டானா 60 போன்ற பெரிய ஆக்சிலை நாடுகிறார்கள். டானா 30-க்கு லாக்கர், பல்சக்கரம், தண்டு எல்லாம் வாங்கும் மொத்தச் செலவை, முழு டானா 44 ஆக்சிலின் விலையோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பொருத்தும்போது

ஜேகே வண்டியின் முன் பல்சக்கரங்கள் பின்னுள்ளவற்றுக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை. வாங்கும்போது இதைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை அளவுக்கருவி கொண்டு சரிசெய்ய வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் முதலில் இரைச்சல் எழும். பிறகு பற்கள் தேயும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே சிக்கனம். புதிய பற்கள் பொருந்தும்வரை முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் இழுக்காமல் மிதமாக ஓட்டி, பின் எண்ணெயை மாற்ற வேண்டும். வேகமானி சரியாகக் காட்ட, புதிய விகிதத்தையும் டயர் அளவையும் வண்டியின் கணினியில் பதிய வேண்டும்.

சுருக்கம்

டயரின் அளவு விகிதத்தைத் தீர்மானிக்கிறது. செல்லும் பாதை லாக்கரைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஆக்சிலின் வலுவைத் தீர்மானிக்கின்றன. ஒரு பாகத்தை வலுவாக்கினால் முறிவு அடுத்த மெலிந்த பாகத்துக்கு நகரும். ஆகவே வாங்கும் முன், அடுத்து முறியக்கூடியது எது என்று கேட்டுக்கொள்பவரே பணத்தை வீணாக்காமல் ஊர் திரும்புவார்.