அஸ்தூரியாஸ்: வேகம் எந்தக் கையில்?

கிட்டார் கற்கும் பிள்ளையின் காதில் 'அஸ்தூரியாஸ்' ஒருமுறை விழுந்துவிட்டால் வேறு பாடத்தில் மனம் நிற்காது. நீங்களும் அந்த ஆசையோடுதான் வந்திருக்கிறீர்கள். டீ ஆறுவதற்குள் முதல் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.

இந்த உருப்படியை ஸ்பானிய இசையமைப்பாளர் இசாக் அல்பெனிஸ் 1890களில் எழுதியது பியானோவுக்கு. தென் ஸ்பெயின் கிட்டார்காரர்களின் கைவண்ணத்தைப் பியானோவில் கேட்கவைக்கப் பார்த்தார். பிறகு கிட்டார்காரர்களே அதைத் தங்கள் வாத்தியத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கிட்டார் கலைஞர் ஆந்திரேஸ் செகோவியா வாசித்து உலகமெல்லாம் பரவியது. 'அஸ்தூரியாஸ்' என்ற தலைப்பும் அல்பெனிஸ் வைத்ததல்ல. 1909இல் அவர் இறந்த பின், 1911இல் பதிப்பாளர் சூட்டியது. அஸ்தூரியாஸ் இருப்பதோ ஸ்பெயினின் வடக்கே!

இதைக் கேட்கிற எல்லோரும் இடது கை தந்திகள்மேல் பறப்பதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் காதில் விழும் சுரங்களில் ஏறக்குறைய பாதியை இடது கை தொடுவதே இல்லை. மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால் இரண்டாவது தந்தி, பி. அதை எங்கும் அழுத்தாமல் வெறுமனே மீட்டுகிறோம். ஈ-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் பி பஞ்சமம். பாடகர் எங்கே போனாலும் தம்பூராவின் பஞ்சமத் தந்தி ஒலித்துக்கொண்டே இருக்குமே, அந்த வேலைதான் இதற்கும். மெட்டு முழுவதும் தடித்த தந்திகளில், வலது கட்டைவிரலில். அதன் இடைவெளிகளை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பி தந்தியால் நிரப்புகின்றன. அவ்வளவு வேகமும் பிறப்பது இந்த மூன்று விரல்களுக்கு நடுவில்.

ஆகவே முதலில் கட்டைவிரலை மட்டும் வாசிப்போம். மெட்டு தனியாகப் பாடத் தெரிந்த பிறகு பி தந்தியைச் சேர்ப்போம். மும்பை மாட்டுங்காவில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடி வளர்ந்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல: முதல் காலம் சுத்தமாக வராமல் இரண்டாம் காலத்துக்குப் போகக் கூடாது. பி தந்தி மெட்டைவிட உரக்கக் கேட்டால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஒரு காலம் இறங்கிவிடலாம். (மும்பை தோபி தலாவ் இசைக்கருவிக் கடைகளில் வாங்கும்போது நைலான் தந்தி கிட்டார் என்று சொல்லிக் கேளுங்கள். எஃகுத் தந்தியில் இந்த மென்மை வராது, நகமும் தேயும்.)

இடது கைக்கு உண்மையான சோதனை, நடுநடுவே திடீரென்று விழும், பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் பெரிய கார்டுகள். கழுத்தின் மேல்பகுதிக்குத் தாவி, ஓட்டம் அறுபடாமல் திரும்ப வேண்டும். அந்தத் தாவலை மட்டும் தனியே எடுத்துப் பழகுங்கள். நடுப்பகுதியோ விரிந்து, ஆலாபனைபோல் நின்று நின்று போகிறது. வேகப் பக்கத்தில் மயங்கியவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நான் முதலிலேயே தொடங்கச் சொல்வேன்: இங்கே சுரங்கள் குறைவு, ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும், தொனியைத் திருத்த இதைவிட நல்ல இடம் இந்த உருப்படியில் கிடையாது.