புகைக்குழாயை மாற்றும் முன்

ஜெஞ்சாரோம் வட்டாரத்துத் தாமான்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் மகிழுந்து ஒன்று ஜேக்கின் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். பக்கத்தில், அட்டைப் பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்த பளபளப்பான எஃகுக் குழாய் கிடக்கும். பட்டறைகளில் 'எக்ஸோஸ்' எனப்படும் புகைக்குழாயை வீட்டிலேயே மாற்றும் வேலை அது. இளைஞர் பலர் அதன் கம்பீரமான சத்தத்துக்காக அதை வாங்குகிறார்கள். சிலர் பழைய குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் வாங்குகிறார்கள்.

துருப்பிடிப்பதற்கு மழை மட்டும் காரணமன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், ஆவியாக வெளிவருகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடேறுவதால் அந்த ஆவி வெளியேறிவிடும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியிலோ அது குளிர்ந்து நீராகிக் குழாயின் உள்ளேயே தேங்கும். எனவே, குழாய் உள்ளிருந்தும் அரிக்கப்படுகிறது.

புகைக்குழாய்க்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, இயந்திரத்தில் எரிந்த வாயுவைப் பயணிகளிடமிருந்து விலக்கி வண்டியின் பின்புறம் கொண்டுசேர்ப்பது. இரண்டாவது, அவ்வாயுவைத் தூய்மைப்படுத்துவது. வினையூக்கி மாற்றி என்னும் பகுதி இதைச் செய்கிறது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றின் மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். சூடேறியதும் அவை கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. மூன்றாவது, ஒலியை அடக்குவது. பின்பகுதியில் உள்ள சைலன்சரின் அறைகளுக்குள் ஒலியலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. சந்தையில் விற்கும் சத்தமான குழாய்கள் பலவற்றில் இந்த அறைகள் இல்லை. துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை மட்டுமே இருக்கும்.

வீட்டில் மாற்றத்தக்கது இந்தப் பின்பகுதி மட்டுமே. வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை இணைத்தால் வண்டி வேகமெடுக்கும் என்பார்கள். அதைச் செய்யவே கூடாது. கெட்ட புகை என்றால் என்னவென்று ஜெஞ்சாரோம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டில், உரிமமின்றி இயங்கிய நெகிழி ஆலைகள் எரித்த கழிவின் புகையால் இரவில் மூச்சுவிடச் சிரமப்பட்டவர்கள் இங்கே பலர்.

ஒலிக்கும் சட்டம் உண்டு. 1987ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (மோட்டார் வாகன ஒலி) விதிமுறைகள் ஒவ்வொரு வகை வாகனத்துக்கும் ஒலியின் உச்ச அளவை வகுத்துள்ளன. டெசிபல் கணக்கு சற்று ஏமாற்றும் கணக்கு. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். பின்பகுதியை மட்டும் மாற்றுவதால் இயந்திரத்தின் திறன் அவ்வளவாகக் கூடிவிடாது. சத்தம் கூடுவதால் வேகமும் கூடியதுபோல் தோன்றும், அவ்வளவுதான். ஆகவே, வாங்கும்போதே அசல் சைலன்சருக்கு நிகரான, விதிகளுக்கு உட்பட்ட குழாயைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். இதைப் பெரியவர் ஒருவரின் துணையின்றித் தொடங்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சூடான குழாய் தொட்டவுடன் தோலைப் பொசுக்கிவிடும். வண்டியைச் சமதளமான சிமெந்துத் தரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்க மட்டுமே ஜேக் பயன்படும். தூக்கியபின் அதற்கென்று விற்கும் இரும்புத் தாங்கிகளை இரு பக்கமும் வைத்து, வண்டியை அவற்றின் மீது இறக்கிய பிறகே அடியில் நுழையலாம். செங்கல் அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். வண்டியின் எடையோ ஒரு டன் அளவில் இருக்கும்.

துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து வைத்தால் மறுநாள் அவை எளிதில் கழலும். குழாய் ரப்பர் வளையங்களில் தொங்கும்; அவற்றைச் சவர்க்கார நீரால் நனைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். புதிய குழாயைப் பொருத்தும்போது பழைய கேஸ்கெட்டை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். சில ரிங்கிட் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று. எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாகப் பூட்டி, குழாய் எண்ணெய்த் தொட்டியையோ பிரேக் குழாயையோ உரசாதபடி நேராக்கி, பிறகு முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக முறுக்க வேண்டும்.

அடுத்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைகிறது. வண்டிக்கு அடியில் கசிந்தால், குளிர்சாதனத்தைப் போட்டுக் கண்ணாடிகளை மூடி உள்ளே தூங்குபவருக்குத் தலைவலிதான் முதல் அறிகுறி. சில வேளைகளில் அதுவும் தெரிவதில்லை. திறந்த வெளியில், குழாய் குளிர்ந்திருக்கும்போது, இணைப்பில் சவர்க்கார நீரைத் தடவி இயந்திரத்தை இயக்கிப் பார்க்கலாம். குமிழி எழுந்தால் கசிவு உண்டு என்று பொருள். இயந்திரத்தை நிறுத்தி, இணைப்பைச் சரிசெய்த பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் புதிய குழாயிலிருந்து மெல்லிய புகையும் எரிந்த வாடையும் வரலாம். அது ஆலையில் பூசிய எண்ணெய் எரிவது. சிறிது நேரத்தில் நின்றுவிடும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, குழாய் குளிர்ந்த நிலையில், நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். சூட்டில் விரிந்து சுருங்கும்போது அவை தளர்ந்துபோவதுண்டு.