ஒரு கிலோவுக்கு இருபது நிமிடம்

வடக்கு வேல்ஸில் ஓக்வென் ஏரிக்கரையிலிருந்து, ஏ5 சாலையை ஒட்டியபடியே எழுந்து நிற்கும் பாறை மலை ட்ரவன். உயரம் 917.5 மீட்டர். 2010-இல் மறுபடி அளக்கும் வரை வரைபடங்களில் 915 என்றுதான் இருந்தது. 3,000 அடி என்பது 914.4 மீட்டர், அதாவது வேல்ஸின் மூவாயிரம் அடி மலைகளின் பட்டியலில் இது வெறும் 60 சென்டிமீட்டர் உபரியில் தொற்றிக்கொண்டிருந்தது. புதிய அளவீட்டில் இரண்டரை மீட்டர் கூடியதும், பட்டியலில் நிற்குமா என்ற பேச்சு அடங்கியது.

சாலையிலிருந்து உச்சிக்கு ஏற்றம் சுமார் 600 மீட்டர். வடக்கு முகட்டு வழியில் போனால் பல இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற முடியும். ஹாம் ரேடியோக்காரர்கள் இந்த வழியில் நிலையத்தையே முதுகில் சுமந்து போகிறார்கள். அவர்களை ஏறவைப்பது 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்', சுருக்கமாக 'சோட்டா' என்ற திட்டம். 2002 மார்ச் 2 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. விதிகள் கறார். கடைசிக் கட்டத்தை மோட்டார் உதவியின்றிக் கடக்க வேண்டும். உச்சிக்குக் கீழே 25 மீட்டர் உயர வித்தியாசத்துக்குள் நிலையம் இருக்க வேண்டும், ட்ரவனில் 892.5 மீட்டர்க் கோட்டுக்கு மேலே. ஜெனரேட்டர் கூடாது. நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேசினால்தான் புள்ளி.

இனி பாரம். ஒரு கிலோவை 600 மீட்டர் தூக்க ஏறத்தாழ 5,900 ஜூல் வேலை ஆகிறது. 5 வாட் ரேடியோ அவ்வளவு ஆற்றலை அலையாக வெளியே விட இருபது நிமிடம் இடைவிடாமல் ஒலிபரப்ப வேண்டும். பையைக் கட்டும்போது இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும். தேவையற்றது தானாக வெளியே போய்விடும்.

வீட்டு மேசைக்கான ஐகாம் ஐசி-7300 நல்ல ரேடியோ: 100 வாட், எடை 4.2 கிலோ, முழு வீச்சில் 21 ஆம்பியர் இழுக்கும். கையளவு எலிகிராஃப்ட் கேஎக்ஸ்2 சுமார் 370 கிராம்தான். 5 வாட்டில் ஓட்டினால் ஒரு ஆம்பியர் அளவில் அடங்கும். 5-க்கும் 100-க்கும் இருபது மடங்கு வித்தியாசம் என்றால் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் கேட்பவரின் மீட்டரில் அது 13 டெசிபெல், ஆறு டெசிபெல்லுக்கு ஒரு படி என்று வைத்தால் இரண்டு படிக்குச் சற்று மேல். அந்த இரண்டு படிக்காக ஏறத்தாழ நாலு கிலோ கூடுதல் ரேடியோ. அதற்கு ஈடான பேட்டரியின் எடை தனி. கேஎக்ஸ்2-வுக்குள் உட்காரும் 2.6 ஆம்பியர்-மணி பேட்டரி, 21 ஆம்பியருக்குக் கணக்குப்படி ஏழு நிமிடம் தாங்கும். நிஜத்தில் அதுவும் தாங்காது.

வாட் தராததை உயரம் தருகிறது. விஎச்எஃப் அலைவரிசையில் ரேடியோ அடிவானத்தின் தூரம், மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். தரையில் நிற்பவரின் கையில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள வாக்கி-டாக்கிக்கு 5 கிலோமீட்டர். ட்ரவன் உச்சியில் 125. பரப்பாகப் பார்த்தால் 600 மடங்குக்கும் மேல். 75 கிலோமீட்டரில் லிவர்பூல் உள்ளே வந்துவிடுகிறது. மான்செஸ்டர் விளிம்பில் நிற்கிறது. ஆனால் இது காகிதத்து வட்டம். தெற்கே கிளைடர் ஃபாக் 994 மீட்டர், ஏரிக்கு அந்தப் பக்கம் பென் இர் ஓலே வென் 978 மீட்டர். இரண்டும் ட்ரவனைவிட உயரம். அந்தத் திசைகளில் வட்டம் உடைந்துபோகும்.

14 மெகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைக்கு மலை உயரத்தால் பெரிய லாபம் கிடையாது. எல்இடி விளக்கும் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் அங்கே இல்லை என்பதுதான் வரவு. டைபோல் ஆன்டெனாக் கம்பியின் நீளம் 10.2 மீட்டர், பக்கத்துக்கு 5.1. இதைத் தாங்க 6 மீட்டர் ஃபைபர் கம்பம் வேண்டும். முளை அடிக்க மண்ணே இல்லாத உச்சி அது. கம்பத்தின் அடியைப் பாறை இடுக்கில் செருகி, நடுவில் பட்டையால் இன்னொரு பாறையோடு கட்டி, கம்பியின் இரு முனைகளையும் நூல் கயிற்றால் கீழ்ப்பாறைகளுக்கு இழுக்க வேண்டும். உச்சியில் ஆதாம், ஏவாள் என்று சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் இரண்டு கற்கள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது அங்கு வழக்கம். தாவுகிறவர் காலில் சிக்கும்படி கம்பி கட்டுகிறவர் எத்தனை வாட் வைத்திருந்தாலும் மரியாதை பெற மாட்டார்.

பேச்சோ மிகச் சுருக்கம். கால்சைன், சிக்னல் அளவு, மலையின் அடையாள எண், நன்றி, வாழ்த்துச் சொல்லும் குறியான 73. ஒரு நிமிடத்துக்குள் முடியும். அழைத்த நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிட ஒலிபரப்பு என்றால் வெளியே போன ஆற்றல் 3,000 ஜூல். பையோடு சேர்த்து 80 கிலோ ஆளை மேலே கொண்டுபோக 4,70,000 ஜூல். தசையின் திறன் நாலில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் சுமார் 500 கலோரி செலவு. ஒரு இட்லிக்கு 60 என்று வைத்தால் எட்டு இட்லி. பேட்டரி பெரும்பாலும் பாதிகூடத் தீராமல் இறங்கும். தீர்வது ஆள்தான்.

பணக் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது. 2017-இல் கியூஆர்பி லேப்ஸ் வெளியிட்ட கியூசிஎக்ஸ் என்ற 5 வாட் மோர்ஸ் ரேடியோ, நாமே பற்றவைத்துக்கொள்ளும் கிட்டாக அப்போது 49 டாலர். கேஎக்ஸ்2 2016-இல் வந்தபோது சுமார் 750 டாலர். பிரிட்டனில் தேர்வுக்குத்தான் கட்டணம். ஆன்லைனில் வாங்கினால் உரிமம் இலவசம். ரேடியோவில் மிச்சம் பிடிக்கலாம். பூட்ஸிலும் மழைச் சட்டையிலும் பிடிப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

சோட்டாவில் மலைக்கு ஒன்று முதல் பத்து வரை புள்ளி. ஆயிரம் சேர்ந்தால் 'மலையாடு' பட்டம். எல்லாமே பத்துப் புள்ளி மலையாக இருந்தாலும் நூறு ஏற்றம். ஒரே மலையில் ஆண்டுக்கு ஒருமுறைதான் புள்ளி என்பதால் ட்ரவனையே சுற்றிச்சுற்றி ஏறிப் பயனில்லை. குளிர்காலத்தில் உயரமான மலைகளுக்கு 3 புள்ளி கூடுதல் உண்டு. ஆனால் பனி இறுகினால் பனிக்கோடரியும் பூட்ஸில் மாட்டும் இரும்பு முள்ளும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் ஏறும். டிசம்பரில் அங்கே பகல் ஏழரை மணி நேரம்தான். தலைவிளக்கும் அதற்கு மாற்று பேட்டரியும் பையில் சேர்ந்துவிடும்.