சரிவான வீட்டு மனையில் மண் அரிப்பைத் தடுக்கும் முறைகள்

மதுரை தல்லாகுளம் வைகையின் வடகரையில் உள்ளது. அங்கிருந்து வடக்கே அழகர் மலையை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே போகும். அழகர் மலை, சிறுமலை, நாகமலை அடிவாரக் கிராமங்களில் வீடு, தொழுவம், கொல்லை ஆகிய மூன்றும் ஒரே சரிவில் அமைந்திருப்பதைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இத்தகைய மனைகளில் மேல் மண் கரைந்து ஓடுகிறது. நாளடைவில் அஸ்திவாரக் கல் வெளியே தெரிகிறது; தென்னையின் வேர் அந்தரத்தில் நிற்கிறது. போன மண் கீழே உள்ள கண்மாயைத் தூர்க்கிறது. ஆகவே நட்டம் வீட்டுக்காரருக்கு மட்டுமன்று, ஆயக்கட்டு விவசாயிகளுக்கும்தான்.

அரிப்பு ஏற்படுவது எப்படி?

5 சென்ட் மனையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 10,000 லிட்டர். வெறும் தரையில் விழும் மழைத்துளி மண் கட்டியை உடைத்துத் தூளாக்குகிறது. அந்தத் தூள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடுவதால் நீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடுகிறது. முதலில் மண் மெல்லிய படலமாகப் போகும். பிறகு விரல் அகலக் கோடுகள் விழும். கவனிக்காவிட்டால் அவையே பள்ளங்களாகிவிடும். ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. எனவே நீரின் வேகத்தைக் குறைப்பதே தடுப்பு வேலையின் அடிப்படை.

மேலிருந்து தொடங்குக

முதலில் மனையின் மேற்புறத்திலிருந்து வரும் நீரைத் திருப்பிவிட வேண்டும். வீட்டுக்கு மேலே குறுக்காக ஓர் அடி ஆழத்தில் அகலமான வாய்க்கால் எடுத்து, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் கரையாகப் போடலாம். வாய்க்காலின் வாட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதில் புல் வளர விடுவது நல்லது. நீர் முடியும் இடம் ஓடையாகவோ புல் தரையாகவோ இருக்கட்டும். அடுத்தவர் மனையில் விடக்கூடாது.

கூரை நீரும் கவனிக்கத்தக்கது. தாழ்வாரத்திலிருந்து நீர் விழும் இடத்தில் சரளைக் கல் பரப்பலாம். தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சரிவான மனையில் அதற்கான உறிஞ்சு குழியை அஸ்திவாரத்துக்கு அருகிலோ, கற்சுவருக்கு நேர் மேலேயோ தோண்டக்கூடாது. ஊறும் நீர் சுவரைத் தள்ளிவிடும்.

சம மட்டம் பார்ப்பது

வரப்போ புல் வரிசையோ சம மட்டத்தில் அமைந்தால்தான் பயன் தரும். கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் மட்டம் இதற்குப் போதும். இல்லையேல் 7 அடிக் கம்புகள் இரண்டை உச்சியில் கட்டி, நடுவே குறுக்குக் கம்பு ஒன்றைக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட வேண்டும். சட்டத்தை நிறுத்திக் கயிறு படும் இடத்தைக் குறுக்குக் கம்பில் குறித்துக்கொண்டு, அதே இரு இடங்களில் கால்களை மாற்றி வைத்து மீண்டும் குறிக்க வேண்டும். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டம். கயிறு அப்புள்ளியில் நிற்கும்படி சட்டத்தை நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போகலாம்.

வெட்டிவேர் வேலி

கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பகுதி விவசாயிகள் வெட்டிவேரை நில எல்லையில் நெடுங்காலமாக வளர்த்து வருகின்றனர். 1980களில் உலக வங்கியின் வேளாண் நிபுணர்கள் இம்முறையைப் பல நாடுகளுக்கும் பரப்பினர். இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். நெருங்கிய தூர்கள் நீரை வடிகட்டி, மண்ணை மேற்புறத்தில் நிறுத்திவிடும்.

நிலம் 3 அடி தாழும் இடத்துக்கு ஒரு வரிசை போதும். 100 அடிக்கு 6 அடி சரிவுள்ள மனையில் 50 அடிக்கு ஒரு வரிசை வரும். மழை தொடங்கியதும் இரண்டு மூன்று தூர்கள் உள்ள நாற்றை 4 முதல் 6 அங்குல இடைவெளியில் நட வேண்டும். பட்டுப்போன இடத்தில் உடனே மறுநடவு செய்ய வேண்டும். ஓர் இடைவெளி இருந்தாலும் நீர் அதன் வழியே பாய்ந்து அரித்துவிடும். வேர் வேரூன்றும் வரை ஆடு மாடுகளை விடக்கூடாது. பின்னர் ஒன்றரை அடி உயரத்தில் அறுத்து, தழையை மூடாக்காகப் போடலாம். மணத்துக்காக வேரைத் தோண்டி விற்பது அரிப்பைத் திரும்ப வரவழைக்கும். தீவனமும் வேண்டுவோர் வரிசைகளுக்கு இடையே கொழுக்கட்டைப் புல் வளர்க்கலாம்.

கற்சுவரும் தடுப்பும்

செங்குத்தாக வெட்டிய இடத்தில் கற்சுவர் தேவை. கடின மண் வரை தோண்டி, அடி அகலம் உயரத்தில் பாதியாக இருக்குமாறு, மேட்டுப் பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்ட வேண்டும். சுவரின் பின்னால் சரளை நிரப்புவது அவசியம். சிமெண்ட் பூசினால் நீர் வடிய இடையிடையே துளை விட வேண்டும். பல சுவர்கள் சரிவது மண்ணின் பாரத்தால் மட்டுமன்று, பின்னால் தேங்கும் நீராலும்தான். 4 அடிக்கு மேற்பட்ட சுவருக்கும், வீட்டைத் தாங்கும் சுவருக்கும் பொறியாளரின் யோசனை பெறுவது நலம்.

ஏற்கெனவே பள்ளம் விழுந்திருந்தால் குறுக்கே சிறு கல் தடுப்புகள் அடுக்கலாம். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் நீர் ஓரத்தை அரித்துக்கொண்டு போகும்.

இவ்வேலைகளைப் புரட்டாசிக்குள் முடிப்பது நல்லது. நிலத்தில் செய்யும் மண் பாதுகாப்பு வேலைகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம். முற்றத்தைச் சுத்தம் செய்வதாக எண்ணிச் சரிவில் உள்ள புல்லை எல்லாம் செதுக்கி எறியும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். செலவில்லாத பாதுகாப்பு அந்தப் புல்தான்.